வெண்கலப் பெண்ணுக்கு அம்மா வைத்த பொட்டு

கடந்த சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆக்லாந்தில் கோவிலுக்குப் போய்விட்டு நியூ லின் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு பூங்காவில் இறங்கினோம். அம்மா, தங்கை, நான். அப்பா வரவில்லை, வெஸ்ட்கேட்டில் அவர் வேலை செய்யும் கடைக்கு ஞாயிறும் வேலை நாள்தான்.

புல்வெளியில் புதிதாக ஒரு வெண்கலச் சிலை நின்றது. வாசலை மறித்து நிற்கும் ஒரு பெண். அவளுடைய பாவாடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சிறுமி. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான் என்பதால், எந்தப் பலகையையும் வாசித்துச் சொல்வது என் வேலை. ஹிட்லர் காலத்தில் யூதர்களைத் தேடித் தேடிக் கொன்றபோது, அவர்களை வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களின் நினைவாக என்று எழுதியிருந்தது. சொன்னேன். அம்மா செருப்பைக் கழற்றினார். கைப்பையிலிருந்து அர்ச்சனைக் குங்குமத்தை எடுத்து, எட்டி, அந்தப் பெண்ணின் நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்துவிட்டார்.

“மம், ஸ்டாப்! எல்லாரும் பாக்கினம்!” என்றாள் தங்கை.

யூதர்கள் அணியும் சிறிய வட்டத் தொப்பியோடு ஒரு முதியவர் எங்களை நோக்கி வந்தார். மன்னிப்புக் கேட்டபடி கைக்குட்டையோடு சிலையிடம் போனேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

“துடைக்காதை தம்பி. என்ரை பொட்டைத் துடைச்சவ அவ.”

அன்றுதான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது. எண்பத்து மூன்றில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தின்போது அம்மாவுக்கு ஆறு வயது. இலங்கையின் தெற்கில் ஒரு சிறு ஊரில் தாத்தா கைவண்டி இழுத்துக்கொண்டிருந்தார். கும்பல் வந்தபோது, பக்கத்து பேக்கரிக்காரரின் மனைவி, ஒரு சிங்களப் பெண், அம்மாவின் குடும்பத்தையே மா மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறார். அம்மாவுக்கு மட்டும் விடாத இருமல். ஒளித்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அம்மாவின் பொட்டைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்று, தன் மகள் என்று சொல்லியிருக்கிறார். கும்பல் போய்விட்டது. பிறகு அகதி முகாம், கப்பல், யாழ்ப்பாணம். அம்மாவின் பள்ளிக்கூடம் அதோடு சரி. நன்றி சொல்லத் திரும்பிப் போக வழியே இருக்கவில்லை.

நான் இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, முதியவர் கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய தாயும் அப்படி ஒரு வீட்டில் ஒளிந்து பிழைத்தவராம். அந்த வீட்டாரை இவர் தேடிப் போனபோது ஒருவரும் உயிரோடு இல்லையாம். உங்களைக் காப்பாற்றியவர் இப்போது எங்கே என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். “அவைக்கென்ன, சொந்த ஊர், சொந்த ஆக்கள். நல்லா இருப்பினம் எண்டு சொல்லு.”

சொன்னேன். தேடிப் பாருங்கள், பிந்திவிடாதீர்கள் என்றார் அவர். பொட்டை மழை வந்து கழுவட்டும், நாம் தொட வேண்டாம் என்றும் சொன்னார்.

ஒனிஹங்காவில் என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பனின் மாமா அந்த ஊர்ப்பக்கத்தவர். சில வாரங்களில் ஒரு தொலைபேசி எண் கிடைத்தது. இந்த முறை அப்பாவும் வீட்டில் இருந்தார். அந்தப் பெண்ணின் மகன்தான் எடுத்தார். அம்மா ஆறு வயதோடு விட்டுவிட்ட சிங்களத்தில், ஒரு சின்னப்பிள்ளையைப் போலவே கதைத்தார், சிரித்தார். திடீரென்று நிறுத்திவிட்டார்.

“அவ செத்துப்போனது போன வருசந்தானாம்,” என்றார் எங்களிடம். “நான் பிந்திட்டன்.”

அந்த மகன் சொன்னதை அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எங்களுக்குச் சொன்னார். இடுப்பில் இருந்த பிள்ளை யாருடையது என்று தெரிந்துகொண்டு கும்பல் திரும்பி வந்திருக்கிறது. அப்போது அம்மாவின் குடும்பம் கப்பலில்.

இப்போது காலையில் அம்மா கண்ணாடி முன் நின்று பொட்டு வைக்கும்போதெல்லாம், அது எங்களுக்குக் கிடைப்பதற்கு அந்த வீட்டார் கொடுத்த விலை எனக்கு நினைவுக்கு வருகிறது: எரிந்துபோன ஒரு பேக்கரி, கணவரின் ஒரு கண், அதன் பிறகு கடைசிவரை பிறர் வீடுகளில் சமைத்தே தேய்ந்த அந்தப் பெண்ணின் இரண்டு கைகள்.