ஊசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

செய்தி வந்தபோது நான் சிஸ்டர் ஞானமலர்மீது கோபமாக இருந்தேன். என் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. திருப்பித் தரவில்லை. அன்று மாதத்தின் முதல் சனிக்கிழமை, பெடாஸில் மதியம் வகுப்பு. வகுப்பன்று காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அவரிடமிருந்து தவறாமல் ஒரு வரி வரும்: "தப்பைக் கொண்டுவர மறக்க வேண்டாம்." அன்றும் அவர் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். எழுதியிருந்தவர் அவருடைய கணவர். விடியற்காலையில் மாரடைப்பு, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று இருந்தது. அதற்குக் கீழே, "இன்று வகுப்பு இல்லை" என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியைத்தான் நான் பல முறை படித்தேன்.

இந்த வட்டாரத்துக் கிளினிக்குகளில் வேலை செய்கிறவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகள் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு, பெடாஸில் ஒரு தனியார் கிளினிக்கின் மாடியறையில் மாதம் ஒரு வகுப்பு நடத்தினார். லிங்கியிலிருந்து செண்டாயான்வரை உள்ள தாதியர்கள், உதவி மருத்துவ அதிகாரிகள், மருந்துக்கடைக்காரர்கள் வருவார்கள். சிறுநீரகம் கெடுவதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது, கெட்டுப்போனதை எப்படி மேலும் கெடாமல் காப்பது என்பதுதான் பாடம். வந்தவர்களுக்கு, வேலை உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க உதவும் சான்றிதழ் கிடைக்கும். எந்த உரிமமும் இல்லாமல் அந்த வகுப்பில் உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான்.

நான் ஆத்தோரத் தோட்டம் என்ற ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் டிரசராக இருந்தவன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது, புண் கட்டுவது, ஊசி போடுவது எல்லாம் நான்தான். ஆறாம் வகுப்புக்குமேல் என்னை யாரும் படிக்கவைக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த டிரசரைப் பார்த்து ஊசி போடக் கற்றேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை அகராதியோடு படித்து ஆங்கிலம் கற்றேன். அதனால் என் வேலையைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. இப்போதும் பொறுக்காது.

சிஸ்டரை முதன்முதலில் பார்த்ததே ஒரு சண்டையில்தான். கோவில் மண்டபத்தில் சுகாதார முகாம். அவர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்துல தோட்டத்து டிரசர் முட்டி வலிக்குப் போட்ட ஊசியில எத்தனையோ பேருக்குக் கிட்னி போயிருக்கு" என்றார். நான் எழுந்து நின்றேன்.

"எந்த டிரசரு? பேரச் சொல்லும்மா."

"பேரு தெரியாதுங்க ஐயா. அதான் தேடிக்கிட்டு இருக்கேன். நீங்க டிரசரா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அப்ப கெடச்சிட்டீங்க. சனிக்கிழமை பெடாஸுக்கு வாங்க. சண்டைய அங்க வச்சுக்கலாம்."

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் நான் பெடாஸுக்குப் போனேன். படிக்கப் போகவில்லை. அவர் கிராணி வீட்டுப் பெண் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அவருடைய தாத்தா இலங்கையிலிருந்து வந்து தோட்டத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து கூலிகளின் பெயர் எழுதியவர். என் அப்பா அந்தப் பேரேட்டில் பெயராக இருந்தவர். இந்தக் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் படியேறினேன்.

மாடியில் பதிவு மேசையில் ஒரு மருந்துக்கடைப் பெண் உட்கார்ந்திருந்தாள். என் வேட்டியைப் பார்த்தாள், நரைத்த தலையைப் பார்த்தாள். "அங்கிள், பேஷண்டெல்லாம் கீழதான் லா. டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க" என்றாள். "நான் பேஷண்ட் இல்ல. ஒங்க சிஸ்டரோட சண்டை போட வந்திருக்கேன்" என்றேன். அவள் பயந்து உள்ளே ஓடினாள். சிஸ்டர் வெளியே வந்து, கையெழுத்துத் தாளை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார். "இதுல போட்டா எனக்கு என்ன கெடைக்கும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் கெடைக்காது. வந்தீங்கன்னு இருக்கும்" என்றார். போட்டேன். அதன்பின் மூன்று வருடத்தில் ஒரு வகுப்பும் நான் தவறவிடவில்லை.

அந்த வகுப்பின் முறை வேறெங்கும் இல்லாதது. ஒவ்வொருவரும் தான் செய்த ஒரு தவறை, நோயாளியின் பெயரை மறைத்து, தாளில் கொண்டுவர வேண்டும். முதல் நாள் அவரே தன்னுடையதை எடுத்து மேசைமேல் வைத்தார். பழுத்துப்போன ஓர் அட்டை. அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஒரு லாரி ஓட்டுநரின் சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. அது சிறுநீரகம் கெடுவதன் அறிகுறி. "மறுபடி பார்க்கவும்" என்று எழுதி அனுப்பினார். அடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது முறையும் அப்படியே. "நாலாவது தடவ அவர நான் டயாலிசிஸ் கட்டில்ல பாத்தேன். மூணு தடவையும் என் கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்றார். என் வீட்டில் அலமாரியில் பச்சைத் துணி அட்டை போட்ட பேரேடு ஒன்று இருந்தது. அதிலும் கையெழுத்து அழகாகத்தான் இருக்கும்.

அவர் அடிக்கடி சொன்னவற்றில் சிலவற்றை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "கிட்னி வலிக்காது. அது வலிக்கும்னு காத்திருந்தா நேரம் போயிரும்." "நார்மல்னு எழுதறதுக்கு முன்னாடி போன வருச நம்பரப் பாரு." எல்லாவற்றையும்விட, "என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு கேக்காதீங்க. வலிச்சா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க." இந்தக் கடைசிச் சொல்லின் அருமை தோட்டத்து ஆட்களுக்குத்தான் தெரியும். எங்கள் சனம் டாக்டர் கொடுப்பதை மட்டும்தான் மருந்து என்று சொல்லும். பசார் மாலம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய மூட்டு வலி மாத்திரை மருந்து ஆகாது. டிரசர் போட்ட ஊசி மருந்து ஆகாது. அது வெறும் "ஊசி".

என் குற்றத்தை எழுதுவதற்கு முன் என் வழக்கையும் எழுதிவிடுகிறேன். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், முட்டி பிடித்துக்கொண்டு நடக்க முடியாதவர்கள் நேரே என்னிடம் வருவார்கள். ஊசி போட்டால் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போவார்கள். போடாவிட்டால் அன்று அவர்களுக்கு வேலை இல்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வாசலில் நின்று, "என்னா டிரசரே, இன்னும் எத்தன பேர ஒக்கார வச்சிருக்கப்போற?" என்று கத்துவார். டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவார், புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். ஒருநாளும் அவர், "இவ்வளவு ஊசி ஏன்?" என்று கேட்டதில்லை. இன்று உரிமம் புதுப்பிக்க வேண்டுமென்றால் வகுப்புக்குப் போக வேண்டும் என்கிறார்கள். எனக்கு உரிமமும் இல்லை, வகுப்பும் இல்லை. ஊசி மட்டும் இருந்தது.

இதை ஒருநாள் வகுப்பிலேயே உரத்துச் சொன்னேன். சிஸ்டர் கடைசிவரை கேட்டார். "நீங்க சொல்றது அத்தனையும் நியாயம். அந்த ஊசி போட்டுக்கிட்டவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றார். என் நியாயத்தை ஒப்புக்கொண்டுவிட்டு என்னை இப்படி நிற்கவைத்த ஆள் வேறு யாருமில்லை.

தோட்டம் விற்கப்பட்டு வீட்டுமனை ஆனபோது, ஆஸ்பத்திரிச் சாமான்களை அள்ளிக் குப்பை லாரியில் போட்டார்கள். அந்தப் பச்சை அட்டை ஊசிப் புத்தகத்தை மட்டும் நான் எடுத்து வந்துவிட்டேன். யாருக்கு, அவர் குடியிருந்த லயம் எது, என்ன வலி, என்ன போட்டேன் என்று ஒரு வரிகூட விடாமல் எழுதியது. அதைத் தரச் சொல்லி சிஸ்டர் ஒரு வருடம் கேட்டார். தர மாட்டேன் என்றேன். கடைசியில் அவரே லிங்கியில் என் வீட்டுக்கு வந்தார்.

என் மனைவி லெட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சிஸ்டர் அந்தக் கையையே பார்த்தார்.

"அக்கா, முட்டி வலிச்சா என்ன பண்ணுவீங்க?"

"எனக்கென்னா சிஸ்டர், வீட்டுலயே டிரசரு இருக்காரு" என்று லெட்சுமி சிரித்தாள்.

"தைலம் தேச்சு விடுவேன்" என்று நான் முந்திக்கொண்டேன்.

லெட்சுமி என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய், ஒரு வருடமாகத் தராத புத்தகத்தை எடுத்துவந்து சிஸ்டரின் மடியில் வைத்தேன். பேச்சை மாற்றத்தான் கொடுத்தேன். நல்ல மனத்தோடு கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். "இதுல அடிக்கடி ஊசி போட்டுக்கிட்டவங்க பேருக்கு அடியில பென்சில்ல கோடு போட்டு எடுத்துர்றேன். ஒவ்வொருத்தரா கூப்பிட்டு ரத்தமும் சிறுநீரும் பாக்கணும். எல்லாருக்கும் கெட்டிருக்காது ஐயா. யாருக்குன்னு பாத்தாத்தானே தெரியும்." பிறகு கேட்டார்: "இந்தப் புத்தகத்துல இல்லாத ஆளு யாராச்சும் உண்டா?"

"யாரும் இல்ல. என் புத்தகத்துல எல்லாம் இருக்கு."

"யோசிச்சு வைங்க. அடுத்த வகுப்புல கேப்பேன்."

லெட்சுமி அந்தப் புத்தகத்தில் இல்லை. அவளும் மரம் வெட்டியவள்தான். அவளுக்கு வீட்டில்தான் போட்டேன். வீட்டில் போட்டதை எதற்கு எழுதுவது என்று எழுதவில்லை. தோட்டம் மூடிய பிறகும் விடவில்லை. பெடாஸ் வகுப்பில் அந்த மருந்தின் பெயர் பலகையில் எழுதப்பட்ட அன்றுதான் நிறுத்தினேன். "மருந்து இப்ப வர்றதில்ல" என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தைலத்துக்கு மாறினேன். நிறுத்தத் தெரிந்த எனக்கு, அவளை ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போகத் துணிவு இல்லை. மூன்று வருடம் முன்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களின் தவறுகளுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

சிரம்பானில் அவர் வீட்டில் ஜெபம் நடந்தது. பேசியவர்கள் எல்லாரும் அவர் மென்மையானவர், யார் மனத்தையும் நோகடிக்காதவர் என்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார். அந்த உறுதி இல்லாதவராக அவரை அனுப்பிவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

கிளம்பும்போது அவருடைய கணவர் ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் கொடுத்தார். "ஒங்க பொருள்னு மேல எழுதி வச்சிருந்தாங்க" என்றார். பஸ்ஸில் பிரித்தேன். முதல் பக்கத்திலிருந்து பாதிப் புத்தகம்வரை பெயர்களின் அடியில் மெல்லிய பென்சில் கோடுகள். சிலவற்றின் பக்கத்தில் தொலைபேசி எண், சிலவற்றின் பக்கத்தில் "காலமானார்". நடுவில் ஒரு பக்கத்தில், ஒரு பெயரோடு கோடுகள் நின்றுவிட்டன. அதற்குப் பிந்திய பக்கங்களில் வெறும் என் கையெழுத்து. புத்தகத்தின் கடைசியில் காலியாக இருந்த பக்கத்தில், "புத்தகத்தில் இல்லாதவர்கள்" என்று தலைப்பு எழுதி, கீழே "1" என்று போட்டு, எதிரே இடம் விட்டிருந்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலையில் லெட்சுமியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்த தாதியிடம் அவள் என்னைக் காட்டி, "இத்தன வருசமா ஊசி போட்ட மனுசன், எனக்கு ரத்தம் எடுக்கறப்ப கண்ண மூடிக்கிட்டு நிக்கிறாரு பாரும்மா" என்று கிண்டல் செய்தாள். முடிவு இரண்டு நாளில் வந்தது. சிறுநீரில் புரதம் இறங்குகிறது. ரத்தத்தில் பார்த்த எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அதுவரை வலி மருந்து எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். நான் போட்ட ஊசிகளைப் பற்றி அவரிடம் தனியாகச் சொன்னேன். அவளுக்கு ரத்த அழுத்தமும் இருப்பதால், ஊசியால் வந்ததா அழுத்தத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மருந்து வருவது நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன்.

"போடுங்க போடுங்கன்னு நாந்தான கேட்டேன்" என்றாள். பிறகு, "ஆனா மூணு வருசமா தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் ஒங்கள என்ன பண்றதுன்னு தெரியல" என்றாள். மறுபரிசோதனைக்கு இன்னும் எழுபது நாள் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அவள் கால் வீங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். அவள் காலை இழுத்துக்கொள்கிறாள்.

வகுப்பை நிறுத்திவிடலாமா என்று குழுவில் பேச்சு வந்தது. நிறுத்தக் கூடாது என்றேன். பாடம் நடத்த டயாலிசிஸ் மையத்துத் தாதி ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும் சனிக்கிழமை முதலில் நான் பேசுகிறேன். அந்த நடுப்பக்கத்திலிருந்து மீதிப் பெயர்களுக்கு எல்லாரும் சேர்ந்து கோடு போடப் போகிறோம். பதிவு மேசையில் என்னைக் கீழே போகச் சொன்ன அதே பெண், தொலைபேசி எண்களைத் தேடித் தருகிறேன் என்றிருக்கிறாள்.

ஆத்தோரத் தோட்டத்தில் என்னிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இதைப் படித்தால், நாங்கள் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துக் கிளினிக்குக்குப் போய் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்க்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்களின் பிள்ளைகள் சொல்லட்டும். "டிரசர் அடிக்கடி ஊசி போட்டார்" என்று தயங்காமல் சொல்லுங்கள். பெயர் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

சிஸ்டர் ஞானமலரிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் விட்டுப்போன அந்த ஒரு வரி இடம்தான். அடுத்த வகுப்பில் கேட்பேன் என்றார். அவர் கேட்க வராவிட்டாலும், பதிலை நேற்று எழுதிவிட்டேன். வழக்கமாக எழுதும் அதே ஒழுங்கில், அதே கையெழுத்தில்தான் எழுதினேன். ஆனால் இந்த முறை எழுத்து அழகாக வரவில்லை.

1. லெட்சுமி. முட்டி வலி. வீட்டில். போட்டவன், அவள் கணவன்.