கடலைப் பார்த்த சுவர்

உச்சிப்புளிக் கடைத்தெருவில் இன்று யாரோ சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தார்கள்; அந்தச் சூடான வாடை, கடல் கொண்டுபோன எங்கள் ஊரின் மாதா கோயில் முன்னால் என்னை நிறுத்திவிட்டது. திருவிழாவுக்கு முன் பெண்கள் கூடி, கடலைப் பார்த்த சுவருக்கு மட்டும் வெள்ளையடிப்பார்கள். வாசல் பக்கம் பாசி பிடித்துக் கறுத்தே கிடக்கும், வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் கரை திரும்பும் வள்ளங்கள், அந்த வெள்ளைச் சுவர் கரையில் நின்ற ஒற்றைப் பனைக்கு நேராக வந்த பிறகுதான் பாறைகளுக்கு நடுவே இருந்த வழியில் நுழையும்.

வீடுகளைக் கடல் எடுத்து நாங்கள் காலனிக்குக் குடிபோன பிறகும், மிச்சம் நின்ற அந்த ஒரே சுவருக்காக அம்மா வருஷம் தவறாமல் வாளியைத் தூக்கினாள்.

“ஆளில்லாத ஊருக்கு எதுக்குப் போற?” என்றார் அப்பா.

“ஊருதான போச்சு. பாறை அங்கனதான கெடக்கு.”

அம்மா இறந்த பிறகு வரும் முதல் திருவிழா இது. படகுகளில் இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது, நடுக்கடலில் அது அணைந்துபோகும் நாளும் இருக்கிறது. பெயின்ட் கடையில் ஏறிச் சுண்ணாம்பு கேட்டேன்.

“எத்தனை சுவத்துக்கு?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணுக்குத்தான். வருஷா வருஷம் வருவேன், எடுத்து வைங்க.”