இரண்டு சாலுவுக்கு நடுவே செல்வராணி அக்கா

வெள்ளிக்கிழமை காலை புத்தூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, செல்வராணி அக்காவின் வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமாவிடமிருந்து போன் வந்தது. "முனிரத்தினம், உங்கக்கா பூட்டாப்பா" என்றார். "எங்க மாமா பூட்டாங்க?" என்று கேட்டேன். இப்படியும் ஒருவன் கேட்பானா? திருப்பதி ஆஸ்பத்திரியில், மாரடைப்பு என்று அவர் சொன்ன பிறகும், அக்கா இறந்துவிட்டார் என்பது எனக்கு மண்டையில் ஏறவில்லை. வழக்கம்போல வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, ஆலை கேட் வரை போய், வாட்ச்மேன் முகத்தைப் பார்த்த பிறகுதான் திரும்பினேன்.

செல்வராணி அக்கா நகரிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் சோலார் ஆலையில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டராக இருந்தவர். கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்து, திருப்பதியில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவர். என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர். எலக்ட்ரீஷியனான நான் அவரை அக்கா என்று கூப்பிட்டதற்குக் காரணம் வயதல்ல, அந்த வாய்.

ஆலை திறந்த புதிதில் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, "எங்க வூட்டுக்கு ஃப்ரீ கரெண்ட் உண்டாம்மா?" என்று கேட்டார்கள். அக்கா சிரிக்காமல் சொன்னார்: "இங்க எடுக்கிற கரெண்ட் நாடு பூரா ஓடுற லைன்ல கலந்து போவுது. நம்மூரு வெய்யில்ல டெல்லில எவனோ ஃபேன் போட்டுக்கினு தூங்குறான். எங்க வூட்டுக்காரரு தறி கரெண்ட் இல்லாம நின்னுக்கினு கீது. நான் யாரைக் கேக்கட்டும்?" மாமா நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர். அன்று அவரும் அங்கே நின்றிருந்தார், பாவம்.

அந்த அறையில் அக்காவுக்கு இருந்த பெரிய தலைவலி ஒரே ஒரு சொல். உச்சி வெயிலில் நாட்டுக்குத் தேவைப்படுவதற்கு மேல் சோலார் மின்சாரம் குவிந்துவிட்டால், மாநில அலுவலகத்திலிருந்து தெலுங்கில் "சாலு, சாலு" என்பார்கள். போதும், குறை என்று பொருள். தேவை ஏறினால் வடக்கிலிருக்கும் எங்கள் கம்பெனி அலுவலகத்திலிருந்து இந்தியில் "சாலு, சாலு" என்பார்கள். ஓடட்டும், நிறுத்தாதே என்று பொருள். போன் வந்தாலே அக்கா, "எந்த சாலு சார்? தெலுங்கு சாலுவா, இந்தி சாலுவா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சுக்குக் கையை நீட்டுவார். மூன்று வருடம் ஒருமுறைகூட அவர் தவறியதில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடக் கோடையில் ஒரு மதியம். இன்வெர்ட்டர் அறையில் தீய்ந்த வாடை அடித்தது. மின்சாரத்தை நிறுத்தித் தரச் சொல்லி எழுத்தில் வாங்கும் அனுமதிக்கு எல்.சி. என்று பெயர். அது இல்லாமல் பேனலைத் தொடக்கூடாது. இரண்டு நிமிட வேலைதானே என்று நான் வாங்கவில்லை. நாலாம் நம்பர் பிரேக்கரை அணைத்துவிட்டு மூன்றாம் நம்பர் பேனலைத் திறந்திருக்கிறேன். ஸ்பானர் போல்ட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் சட்டென்று நின்றது. அப்போதுதான் நம்பரைப் பார்த்தேன். அதுவரை மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த பேனல் அது.

அந்த நொடியில் அக்கா ஆலை முழுவதையும் நிறுத்தியிருந்தார். வடக்கிலிருந்து வந்த போனில் "சாலு", அதாவது ஓடட்டும், என்றிருக்கிறார்கள். அன்று அவர் எந்த சாலு என்று கேட்கவில்லை. அவர் மேசையில் ஏழெட்டு கேமரா படங்கள் ஓடும். மூன்றாம் நம்பர் பேனலும் அதில் ஒன்று.

திருப்பதி அலுவலகத்தில் விசாரணை நடந்தது. "தெலுங்குன்னு நினைச்சிட்டேன் சார், காது சரியா கேக்கல" என்றார். கவனக்குறைவு என்று எழுதி, கன்ட்ரோல் ரூமிலிருந்து எடுத்து, சோலார் பலகைகளைக் கழுவும் ஆட்களை மேற்பார்வையிடும் வேலையில் போட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். சொல்லவில்லை. ஒருமுறை வெயிலில் அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்து, "அக்கா, அன்னைக்கி…" என்று இழுத்தேன். "இன்னாத்துக்குபா இப்ப அது? எல்.சி. வாங்காம எதையும் தொடாத" என்று மட்டும் சொன்னார். அன்று கேமராவில் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் சொல்வதைச் சொன்னாரா? இரண்டு வருடமாக இதே குழப்பம்தான் எனக்கு.

சனிக்கிழமை மதியம் இடுகாட்டில், குழிக்குப் பக்கத்தில் பாடையை இறக்கி வைத்திருந்தபோது, மாமா என்னைத் தள்ளி அழைத்துப் போனார். "அன்னைக்கி மெய்யாவே அவளுக்குக் காது கேக்கலியா? கூட வேலை செஞ்சவன், உனக்குத் தெரியும்" என்றார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர் மாறியது, ஸ்பானர், பெஞ்ச், எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன்னப் பாத்துட்டுத்தான் நிறுத்தினாளா?"

"தெரியல மாமா. சத்தியமா தெரியல."

மாமா பாடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு வருசமா செவிடி செவிடின்னு கிண்டல் பண்ணிக்கினு இருந்தேன்டா. ஒருவாட்டிகூட இல்லன்னு சொல்லலியே" என்றார்.

அக்கா, திங்கட்கிழமை திருப்பதி அலுவலகத்துக்குப் போகிறேன். பேனலைத் திறந்தவன் நான் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். நீங்கள் தெரிந்து செய்தீர்களா, தவறிச் செய்தீர்களா என்று அவர்கள் கேட்டால், தெரியாது என்றுதான் எழுதுவேன். நான் உயிரோடிருக்கிறேன் என்பது மட்டும்தான் தெரியும்.

உங்களை இறக்குவதற்கு முன் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, மாமா மண்டியிட்டு உங்கள் காதருகில் குனிந்து என்னவோ சொன்னார். எங்கள் யாருக்கும் அது கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டிருக்கட்டும் அக்கா. போய் வாருங்கள்.