கையை நிமித்தடா

கஸ்பருக்கு வாரம் முழுக்கப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. கண்ணாடிக்கு அப்பால் நின்று கண்டவனெல்லாம் ஏசுவான். இவர் ‘தாங்க்யூ சேர்’ என்று மிச்சக் காசு கொடுப்பார். வாங்கிய ஏச்சையெல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை இருந்தது. கிங்ஸ்பரிப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளின் கிரிக்கெட். மகன் ஜெறோமின் அணி துடுப்பெடுத்தாடினால் கோட்டுக்கு வெளியே நின்று கஸ்பர் கத்தும் கேலியில் எதிரணிப் பொடியன்கள் பாடு திண்டாட்டம்தான்.

“பகிடி இல்லாமல் என்ன மட்ச்?” என்பார். விட்டுவந்த ஊரில் அப்படித்தானாம். எதிரே நிற்பவை பால்மணம் மாறாத பிள்ளைகள் என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் ஒருநாள், அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்ட சிறுவன் ஒருவன் பந்துவீச வந்தான். பந்தை விடும்போதும் முழங்கை வளைந்தே இருந்தது; கிரிக்கெட்டில் அது பிழை. கஸ்பர் விடுவாரா?

“எறியிறான்! கள்ளப் பந்து! கையை நிமித்தடா!”

மர நிழலில் தங்கள் முறைக்குக் காத்திருந்த ஜெறோமும் கூட்டாளிகளும் கைதட்டிச் சிரித்தார்கள்.

சிறுவன் பந்தோடு நேரே கஸ்பரிடம் நடந்துவந்தான். சட்டைக்கையை மடித்துக் காட்டினான். முழங்கையைச் சுற்றித் தோல் கருகிச் சுருங்கிக் கிடந்தது.

“ஊரில ஷெல் வெடிச்சுப் பட்டது, அங்கிள். இவ்வளவுதான் நிமிரும்.”

அழவில்லை. பந்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனான்.

கஸ்பர் புல்லில் குந்திவிட்டார். தூரத்தில் இருந்த ஜெறோமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவின் சத்தம் நின்றது மட்டும் தெரிந்தது. ஓடிவந்து அவர் தோளில் கைவைத்தான்.

“களைச்சுப் போனியளோ அப்பா? நீங்கள் இருங்கோ. நான் கத்துறன்.”