தாடைக்குக் கீழே ஒரு கிளிப்

கண் விழித்ததும் முதலில் தெரிந்தது வலி அல்ல, குளிர். மின்விசிறிக் காற்று நேராக மண்டையில் பட்டது. இடது கையால் தடவிப் பார்த்தேன். முடி இல்லை. இடக்காதுக்கு மேலே வளைவாகத் தையல். கொண்டை எங்கே என்று கேட்க நினைத்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.

நான் பாளையங்கோட்டைக்காரி, பள்ளி ஆசிரியை. பத்தமடையில் ஒரு கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர் சாமுவேலின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது. வண்டி வாங்கும்போது கிடைத்த இன்னொன்று, உறைகூடப் பிரிக்காமல் பீரோ மேல் இருந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு மணி நேரம் மெனக்கெட்டுக் கொண்டை போட்டுப் பூ வைத்திருக்கிறேன், நசுங்கிவிடும் என்றேன். போலீஸ்காரர் ஓட்டுகிறவர் தலையைத்தான் பார்ப்பார் என்று நியாயம் வேறு பேசினேன். பிள்ளைகளுக்குச் சாலை விதி சொல்லிக்கொடுக்கிற வாய் இது.

வெள்ளைக் கோடு போடாத ஒரு வேகத்தடை வண்டியைத் தூக்கிப் போட்டது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவருடைய ஹெல்மெட்டில் ஒரு கீறல். எனக்கு சப்டியூரல் ஹெமட்டோமா (மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே கட்டிக்கொள்ளும் இரத்தம்). பூவோடு கொண்டையையும் மழித்துவிட்டுத்தான் மண்டையைத் திறந்தார்கள்.

பிழைத்ததே பெரிது என்றார்கள் பார்க்க வந்தவர்கள். எனக்கு அது போதவில்லை. அஃபேசியா (சொல் நினைவிருந்தும் வாய்க்கு வராத நிலை) என்றார் டாக்டரம்மா. வலது கை விரல்களும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. அந்தக் கையால் முதலில் எதைச் செய்ய ஆசை, சாப்பிடவா, எழுதவா என்று கேட்டார். தாடைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. சாமுவேலுக்கு விளங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

வண்டியை விற்கப்போவதாகச் சொன்னார். என் பள்ளிக்கூடம் இருக்கிற ஊருக்குக் காலையில் பஸ் கிடையாது. வண்டி இல்லையென்றால் வகுப்பும் இல்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, கூடாது என்று கையை ஆட்டினேன். ஹெல்மெட் கிளிப்பை என் கையாலேயே என்றைக்கு மாட்டுகிறேனோ அன்றைக்குப் பள்ளிக்கூடம் என்று முடிவெடுத்தேன்.

பிசியோதெரபியில் (தசைகளைப் பழக்கும் பயிற்சி) பந்தைப் பிசையச் சொன்னார்கள். பிசைந்தேன். வீட்டில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக் கிளிப்போடு மல்லுக்கட்டினேன். நான் சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருப்பதாக மதினி கேலி செய்தாள். ஒருநாள் ஆத்திரத்தில் அதை வீசியெறிந்தேன். மறுநாள் நானே போய் எடுத்து வந்தேன். சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கோபப்பட்டால் மட்டும் ஒளிந்துகொள்ளும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், பொறுமையில்லாமல் அவர் கையிலிருப்பதைப் பிடுங்கிச் செய்துவிடாதீர்கள்.

பள்ளி திறந்து சில வாரம் கழித்து, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா எழுதிக்கொடுத்தார். வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஓரங்குல முடிமேல் ஹெல்மெட்டை வைத்தேன். கிளிப் இரண்டுமுறை நழுவியது. சாமுவேலின் கை தானாக நீண்டது. பிறகு அதை இழுத்துக்கொண்டு எஞ்சினை அணைத்தார்.

"ஏட்டி, பைய மாட்டு. பெல் அடிச்சா அடிச்சிட்டுப் போவுது."

முன்பெல்லாம் ஒரு நிமிடத்தை நான் பொருட்படுத்தியதே இல்லை. இப்போது அதற்குள் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக வேலை செய்வது தெரிகிறது. மூன்றாம் முறை டக்கென்று மாட்டிக்கொண்டது. தையல் போட்ட இடம்வரை அந்தச் சத்தம் கேட்டது. சொல்ல வேண்டிய சொல்லைத் தேடிப் பிடித்தேன்.

"போவோம்" என்றேன்.