ஈரத்தோடு மூடாதே

கியூபேன் என்று ஒரு பொருள் இருக்கிறது. எட்டு கார்பன், எட்டு ஹைட்ரஜன், அவ்வளவுதான். கார்பன்கள் எட்டும் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளில் உட்கார்ந்திருக்கும். கார்பனின் கைகள் இயல்பில் அகல விரிந்து நிற்பவை. அவற்றை மடக்கிச் செங்கோணத்தில் கூண்டு கட்டவேண்டும். இந்தப் பாழாய்ப்போன கூண்டுக்காக ஐந்து வருஷத்தை ஒரு வெளியூர் ஆய்வகத்தில் தொலைத்தேன். வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். இனிக்க இனிக்கச் சொல்ல எனக்கு வராது.

எங்கள் பேராசிரியர் யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். "இந்தப் பொண்ணு வாலிநோக்கம் உப்பளத்துல இருந்து வந்துருக்கு. உப்புக் கல்லும் கனசதுரம், கியூபேனும் கனசதுரம்!" வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஐந்து கார்பன் வளையத்தில் புரோமினை ஏற்றினால், வளையங்கள் இரண்டிரண்டாகத் தாமே ஒட்டிக்கொள்ளும். புற ஊதா விளக்கொளியில் வைத்தால் கூண்டு மூடிக்கொள்ளும். அப்புறம் காரத்தில் கொதிக்கவைத்து வளையத்தைச் சுருக்கி, மூலைகளில் தொங்கும் அமிலத் தொகுதிகளைக் கழற்றவேண்டும். ஒவ்வொரு படியிலும் சரக்கு குறைந்துகொண்டே வரும். புரோமின் நெடியில் எனக்கு இருமல் நிரந்தரமானது.

உதவித்தொகை முடிய ஒரு மாதம் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கண்ணாடித் தட்டில் வெள்ளையாக ஒரு சிட்டிகை படிகம் மின்னியது. திங்கட்கிழமை அதைக் கருவியில் வைத்து, கியூபேன்தான் என்று நிரூபித்துவிட்டால் எனக்கு டாக்டர் பட்டம். இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. முந்தைய படிகளின் சரக்கில் துளி மிச்சமில்லை.

படிகத்தில் கரைப்பான் ஈரம் கொஞ்சம் இருந்தது. அம்மா இன்றைக்கும் உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். "ஈரத்தோட மூடாத, கட்டி பிடிச்சுப் போகும்" என்பதைக் கேட்டே வளர்ந்த கை என்னுடையது. தட்டின்மேல் ஓட்டை போட்ட தாளை வைத்து, காற்றை உறிஞ்சும் பெட்டிக்குள் விசிறியை ஓடவிட்டுப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் தட்டு கழுவி வைத்ததுபோல் இருந்தது.

கியூபேன் கற்பூரம் மாதிரி. உருகாமலே காற்றோடு போய்விடும். எனக்கா தெரியாது? என் நோட்டில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதிய கையேதான் திறந்தும் வைத்தது.

"உப்பள புத்தி எங்க போகும்?" என்றார் பேராசிரியர், எல்லார் முன்னாலும். அந்த நோட்டை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். அவர் அதே வழியில் செய்து, இறுக்கி மூடி வைத்தார். ஆய்வுக் கட்டுரையின் கடைசி வரியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நல்லா இருக்கட்டும். நான் இப்போது ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கார்பனுக்கு நாலு கை என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

பெட்டி படுக்கையோடு ஊருக்கு வந்த அன்றைக்கு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு வெள்ளையாக இருப்பதெல்லாம் உப்புதான்.

"எங்கன போயிருக்கும்? மழ பேஞ்சுச்சா?"

"ரூமுக்குள்ளதாம்மா இருந்துச்சு. காத்துல போயிருச்சு."

"உப்பு காத்துல போகுமாடி? எவனோ களவாண்டுட்டான்." கொஞ்சம் யோசித்தாள். "ஏத்தா, நீ ஈரத்தோட மூடிப்புட்டியா?"

அவள் குரலில் பயம் இருந்தது.

"இல்லம்மா. தெறந்து வச்சுக் காய வச்சேன்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. வெடித்த கையால் என் கன்னத்தைத் தடவினாள்.

"நாஞ் சொல்லிக் குடுத்த மாதிரியேதான செஞ்சிருக்க? பெறகென்ன தாயி, உம்மேல ஒரு தப்பும் இல்ல."

"ஆமாம்மா" என்றேன்.