இருபத்து மூன்றாம் எண் டிஸ்க்

பிஸ்கட் டப்பா ஒன்றில் ஐந்து அங்குல ஸ்டிக்கர் டிஸ்க் ஒன்றை வைத்திருக்கிறேன். உப்புத்தாளை வட்டமாக வெட்டிப் பின்புறம் பசை தடவியதுதான் ஸ்டிக்கர் டிஸ்க். பசையை மூடிய தாளை உரித்து, கைமெஷினின் சுழலும் தட்டில் ஒட்டி, மரத்தையோ இரும்பையோ தேய்த்து வழவழப்பாக்குவார்கள். என்னிடம் இருப்பதன் சொரசொரப்பான முகம் முழுக்க நேவி புளூ பஞ்சு அப்பியிருக்கிறது. பஞ்சை விலக்கினால் நடுவில், தேயாத இடத்தில், மார்க்கரால் எழுதிய 23 தெரியும். எழுத்து என்னுடையது. வீட்டில் அலமாரி செய்ய வந்திருக்கும் தச்சர் இன்று காலை திருகாணி தேடி அந்த டப்பாவைத் திறந்துவிட்டார். நான்கு நாளில் முடிப்பதாகச் சொன்னவர். இது ஆறாவது நாள்.

பல்லடம் சாலையில் ஒரு சாயப்பட்டறையில் இருபத்தெட்டு வருடம் ஸ்டோர் பார்த்தேன். அங்கே எவர்சில்வரால் ஆன ஏழு பெரிய சாய மெஷின்கள் இருந்தன. பனியன் துணி அவற்றுக்குள் கயிறுபோல நீண்டு, சாயத் தண்ணீரில் மணிக்கணக்காகச் சுற்றி ஓடும். உள்சுவரில் வெல்டிங் தடம் ஊசிமுனை அளவு துருத்திக்கொண்டிருந்தாலும் போதும், துணியின் பின்னல் கண்ணி இழுத்துக்கொண்டு கோடு விழுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வெல்டிங்குக்குப் பிறகும் தேய்த்து மழமழப்பாக்க ஒருவர் வேண்டும். தெற்கேயிருந்து பிழைக்க வந்த அவரை எல்லோரும் பாலிஷ் அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள்.

அண்ணாச்சி தலையை முதலில் நுழைத்து, மெஷினின் வட்டக் கதவு வழியாக உள்ளே இறங்குவார். கையில் விளக்கு, சட்டைப் பையில் ஒரு துண்டு பனியன் வேஸ்ட். தேய்த்து முடித்ததும் அந்தத் துண்டைச் சுவர்மேல் மெதுவாக இழுப்பார். நூல் எங்கும் மாட்டாமல் வந்தால்தான் வேலை முடிந்தது. விரலால் தடவிப் பார்க்கமாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "ஓடப்போறது துணியா, எம் வெரலா?" என்றார்.

புது டிஸ்க் வாங்கினால் நான் பார்ப்பது பெட்டியின் முன்பக்கத்து எண்ணை. எண்பது என்றால் முரடு, முந்நூற்றிருபது என்றால் நைஸ். அண்ணாச்சி டிஸ்க்கைத் திருப்பித்தான் பார்ப்பார். தாளை ஓர் ஓரத்தில் லேசாக விலக்கி, பசையைப் புறங்கையில் அழுத்தி எடுப்பார். ரோமம் இழுபட்டு வலித்தால் திருப்தி. தகரக்கூரையின் வெயிலில் பசை காய்ந்திருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பச் சொல்வார். "முன்னாடி நம்பர எல்லாரும் பாப்பான். சுத்தும்போது புடிச்சிருக்கிற பசைய யாரு பாப்பா?" என்பார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நான் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். பாதி தேய்ந்த டிஸ்க்கை உரித்து ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். நான் அதற்கு எண் போட்டு அடுக்கி வைத்து, அடுத்த வேலைக்கு மறுபடி கொடுப்பேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. முழுதும் தேயாத ஒன்று குப்பைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "ஒருக்க உரிச்சது மறுபடி ஒட்டாது வே. இந்த ஊருல காத்தே பஞ்சாத்தான் இருக்கு, பசையில அப்பிக்கிடும்" என்றார் அண்ணாச்சி. இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை.

ஒருநாள் நான்காம் மெஷினில் அவசர வெல்டிங். அண்ணாச்சி புதுசு கேட்டார். நான் 23ஐ எடுத்துக் கொடுத்தேன்.

"பாதி இருக்குதுங்களே அண்ணாச்சி" என்றேன்.

அரை மணி நேரத்தில் வெளியே வந்தார். "பறந்துட்டு வே. கதவு வழியா வெளியதான் போயிருக்கும். வேற கொண்டாரும்."

வேறு கொடுத்தேன். அவர் வேலையை முடித்துத் துணித்துண்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்ததும், முற்றத்தில் இருவருமாக 23ஐத் தேடினோம். தேட வைத்தது நான்தான். என் கணக்கில் ஒன்று குறைந்தாலும் குறைதானே! குழாய்களுக்கு அடியில், டிரம்முகளுக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில் என்று நாங்கள் குனிந்து தேடிக்கொண்டிருக்கையில் மெஷினின் கதவைச் சாத்தித் துணியை ஏற்றிவிட்டார்கள். உள்ளே விழுந்திருக்கலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் நேவி புளூத் துணி முழுக்கக் கோடு கோடாகக் கண்ணி இழுபட்டு வந்தது. ஏற்றுமதிக்குப் போக வேண்டிய துணி. மானேஜர் அண்ணாச்சியைத் தேடி ஓடினார். நான் நான்காம் மெஷினைத் தேடி ஓடினேன். காணாமல் போன ஒன்று இன்னும் என் தலைக்குள் குடைந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தேன். அடிமூலையில், சொரசொரப்பான முகம் மேலே தெரிய, சுவரோடு ஒட்டிக் கிடந்தது 23. சுழலும் தட்டில் நிற்காதது, விழுந்த இடத்தில் பிடித்துக்கொண்டுவிட்டது. அத்தனை துணியும் அதன்மேல் உரசித்தான் ஓடியிருக்கிறது. உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதலாளி அறைக்கு அண்ணாச்சியோடு என்னையும் கூப்பிட்டார்கள். மேசைமேல் துணி விரிந்து கிடந்தது. "அண்ணாச்சிக்குப் பார்வ மங்கிப்போச்சுங்க. தடத்தை ஒழுங்காத் தேய்க்கலீங்க" என்றார் மானேஜர். முதலாளி துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, "சங்கடமாத்தான் இருக்குது அண்ணாச்சி. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அப்புறம் முதலாளியைப் பார்த்து, "சரி மொதலாளி" என்று திரும்பினார்.

மேசையிலிருந்து கதவுக்குப் பதினோரு அடி. அவர் நடக்க நடக்க நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கும் வேலை போகும், இந்த வயதில் யார் எடுப்பார்கள் என்றெல்லாம் நினைத்தேன். ஏழாவது அடியில்தான் கை பைக்குள் போயிற்று. டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது யாரோடதுங்க?" என்றார் முதலாளி.

"என்னோடதுங்க" என்று சொல்லி, மிச்சத்தையும் சொன்னேன்.

இரண்டு பேருக்கும் வேலை போகவில்லை. நான் சேர்த்து வைத்திருந்த பழைய டிஸ்க்குகளை பாய்லரில் போடச் சொன்னார் முதலாளி. மொத்தம் நாற்பத்தொன்று. அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "எண்ணிப் போடும் வே. ஒண்ணு கொறைஞ்சா பாய்லருக்குள்ள எறங்கித் தேடச் சொல்லுவீரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லத் தாமதித்ததற்கு மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"நீரு மொதலாளி அறைக்குள்ள வரும்போதே பாத்துட்டேன். உம்ம சட்டைப்பைய சுத்தி நீலப் பஞ்சு" என்றார் அவர். "எப்படியும் சொல்லிருவீருன்னுதான் மெதுவா நடந்தேன்."

அதன்பின் ஒன்பது வருடம் எங்களோடு வேலை பார்த்துவிட்டு ஊருக்குப் போனார். அந்த ஒன்பது வருடமும் புது டிஸ்க் பெட்டி வந்தால் நான்தான் முதலில் புறங்கையில் ஒட்டிப் பார்ப்பேன். அந்த இடத்தில் இன்றும் ரோமம் குறைவு.

தச்சர் அலமாரிக் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நைஸ் டிஸ்க் மாற்றுவதற்காக, ஒட்டியிருந்ததை உரித்து ஜன்னல் விளிம்பில் பத்திரமாக வைத்தார். வீசிவிடச் சொன்னேன்.

"பாதி இருக்குதுங்களே ஐயா" என்றார்.

நான் அதை எடுத்துப் பசைப்பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து அழுத்தினேன். இனி யாரும் ஒட்ட முடியாது. தச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு திறந்து கிடந்த டப்பாவைக் காட்டி, "அப்ப அந்த நீலம் யாரோடதுங்க? அதையும் வீசிரட்டுங்களா?" என்றார்.

"என்னோடது. அங்கேயே இருக்கட்டும்" என்றேன். அவர் கேட்டு வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டேன்.